நண்பர் பெயரில் காணி வாங்கலாமா? இலங்கையில் முதலீடு பற்றி ஒரு பதில்

கேள்வி: பொள்ளாச்சியில் 14 வருஷமாகத் தென்னை நார் மில் நடத்துகிறேன். சேமிப்பு 60 லட்சம். அதில் 40 லட்சத்தை இலங்கையில் போடலாம் என்று யோசனை. கிளிநொச்சி மாவட்டம் பளையில் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஐந்து ஏக்கர் காணியைத் தன் பெயரில் வாங்கி அதில் நார் மில் போடலாம், வெளிநாட்டவர் பெயரில் வாங்க முடியாது, பணத்தை உண்டியலில் (ஹவாலா) அனுப்பினால் வரியும் மிச்சம் என்கிறார். போர் முடிந்த நாடு, 2022 நெருக்கடியிலிருந்தும் எழுந்துவிட்டது, இன்று போட்டால் பத்து வருஷத்தில் பல மடங்கு என்பது அவர் கணக்கு. கொழும்புப் பங்குகளிலும் கொஞ்சம் போடலாமா?

பதில்:

காணி வேண்டாம். உண்டியல் கூடவே கூடாது. நார் மில்லைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் முதல் வருஷம் 10 லட்சத்தைத் தாண்டாமல், ஏற்கெனவே இருக்கும் ஆலை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். இலங்கைக்குள் பணம் போவது சுலபம். லாபத்தோடு அதைப் பொள்ளாச்சிக்குத் திருப்பிக் கொண்டுவருவதுதான் பாடு. உங்கள் நண்பர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் அவர் சொல்லும் ஒவ்வொரு குறுக்குவழியும் திரும்பி வரும் கதவைத்தான் முதலில் அடைக்கிறது.

முதலில் அந்தப் 'பல மடங்கு' கணக்கு. 2008 முடிவில் 1,500 புள்ளியில் கிடந்த கொழும்பு அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், போர் முடிந்த 2009இன் கடைசியில் 3,385க்கும், 2010 கடைசியில் 6,635க்கும் போனது. பல மடங்கு என்பது உண்மைதான், ஆனால் அது முதல் இரண்டு வருஷத்திலேயே முடிந்துபோனது. 2011 பிப்ரவரியில் 7,800ஐத் தொட்டபோது வாங்கியவர், அதே எண்ணை மறுபடி பார்க்க 2021 ஜனவரி வரை காத்திருந்தார். போர் ஓய்ந்ததும் விலையில் ஏறுவது நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஈடாக உற்பத்தி ஏறுகிறதா என்பது அடுத்த ஐந்து வருஷத்தில்தான் தெரியும்.

இலங்கையில் உற்பத்தி அந்த அளவுக்கு ஏறவில்லை. 2010இலும் 2011இலும் பொருளாதாரம் 8%க்கு மேல் வளர்ந்தது நிஜம். அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு சாலை, துறைமுகம், கட்டடம். அவற்றுக்கான பணம் வெளிநாட்டுக் கடன். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2010இல் திறந்து, 2017இல் 99 வருஷக் குத்தகைக்குப் போனது. மனித உரிமைக் கேள்விகளில் 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் ஜிஎஸ்பி பிளஸ் வரிச் சலுகையை நிறுத்தியது. அது திரும்பக் கிடைக்க 2017 மே ஆனது. வடக்கில் வங்கிகளும் லீசிங் கம்பெனிகளும் யாழ்ப்பாணம் போகும் ஏ9 சாலையோரம் வரிசையாகக் கிளை திறந்தன. மோட்டார் சைக்கிளும் டிராக்டரும் தவணையில் வந்தன, தவணை கட்டும் அளவுக்கு வேலை வரவில்லை. நுண்கடன் சுமை முற்றிப்போய் 2018இல் அரசே ஒரு பகுதிக் கடனைத் தள்ளவும், மத்திய வங்கி நுண்கடன் வட்டிக்கு 35% உச்சவரம்பு வைக்கவும் வேண்டியிருந்தது. கடைத்தெரு களைகட்டியிருப்பதை வைத்து ஒரு ஊர் எழுந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே செலவாகும் பணம் கூலியிலிருந்து வருகிறதா, கடனிலிருந்தா, கனடாவிலிருந்தா என்று விசாரியுங்கள்.

இப்போது நடப்பது இரண்டாவது மீட்சி. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அந்த வருஷம் செப்டம்பரில் பணவீக்கம் 70%ஐ ஒட்டியது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டாலர் திட்டம் வந்தது. 2024 டிசம்பரில் பன்னாட்டுக் கடன்பத்திரங்கள் மாற்றி எழுதப்பட்டன. 2009ஐ விட இந்த மீட்சி எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது, ஏனென்றால் இம்முறை அரசு தன் கணக்கைச் சரிசெய்ய நிர்ப்பந்திக்கப்பட்டிருக்கிறது. அந்த நிர்ப்பந்தத்தின் விலையையும் தொழில் நடத்துபவர்தான் கட்டுகிறார்: மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் 75%, 2023 பிப்ரவரியில் மேலும் 66% ஏறியது, பிறகு இறங்கியது, திரும்பவும் ஏறியது. கம்பெனி வரி பொதுவாக 30% ஆனது. உங்கள் திட்ட அறிக்கையில் மின்சாரத்தை ஒரே விலையில் ஐந்து வருஷத்துக்குப் போட்டிருந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிடலாம்.

நாணயத்தையும் பாருங்கள். 2009இல் ஒரு இந்திய ரூபாய்க்கு ஏறத்தாழ 2.4 இலங்கை ரூபாய் கிடைத்தது. 2022 நடுவில் 4.5ஐத் தாண்டியது. 2024இல் 3.5 அளவுக்குத் திரும்பியது. 2009இல் போட்டு, இலங்கை ரூபாயில் லாபமும் நட்டமும் இல்லாமல் 2022இல் வெளியேறியவர் இந்திய ரூபாயில் ஏறக்குறைய பாதியை இழந்தார். நார் ஏற்றுமதிப் பொருள், டாலரில் விற்பது. ஆகவே இந்த அடி உங்களுக்குக் குறைவாகவே படும். காணி இலங்கை ரூபாயில் மட்டுமே விலை போகும் சொத்து, அடி முழுசாக விழும். நண்பர் காணியை முன்னால் வைத்து மில்லைப் பின்னால் வைக்கிறார். நாணயக் கணக்குப்படி பார்த்தாலே வரிசை தலைகீழ்.

காணி விஷயத்துக்கு வருவோம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி உரிமைமாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2013 ஜனவரி 1 முதல் செல்லும்படியாக, வெளிநாட்டவருக்கும் 50% அல்லது அதற்கு மேல் வெளிநாட்டுப் பங்குள்ள கம்பெனிகளுக்கும் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. அடுக்குமாடி வீடு போன்ற சில விலக்குகள் உண்டு. ஐந்து ஏக்கர் தோட்டம் அதில் வராது. 99 வருஷம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். நண்பர் பெயரில் வாங்கினால் காணி நண்பருடையது. அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுடையது. 'உண்மையில் இது என் பணம்' என்று பின்னாளில் வழக்குப் போட்டால், சட்டத்தைச் சுற்றிப்போகவே இந்த ஏற்பாடு என்பதை நீங்களே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதாகும். தனியாக எழுதி வாங்கும் 'உள் ஒப்பந்தம்' அந்த ஒப்புதலுக்கு ஆதாரமாகத்தான் உதவும்.

குத்தகைக்கு எடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. வடக்கில் காணி என்றால் முதல் கேள்வி, உறுதிக் காணியா (பத்திரம் உள்ள சொந்த நிலம்) அனுமதிப்பத்திரக் காணியா (அரசு அனுமதியில் வைத்திருப்பது) என்பது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நிறைய நிலம் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றக்காரருக்குக் கொடுத்த அரச நிலம். வைத்திருப்பவர் இஷ்டப்படி அதை விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. பிரதேச செயலகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் 30 வருஷப் பதிவுகளைத் தேடச் சொல்லுங்கள். போரில் ஆவணங்கள் அழிந்த இடங்களில் சங்கிலி நடுவில் அறுந்திருக்கும். அங்கே 'ஊரறிந்த சொந்தக்காரர்' என்ற பேச்சை ஏற்காதீர்கள். பத்து வருஷம் தடையின்றி ஆண்டவருக்கு உரிமை தரும் ஆட்சியுரிமைச் சட்டம் இலங்கையில் உண்டு. போர்க்காலத்தில் ஊரை விட்டு ஓடியவர்களுக்காக 2016இல் சிறப்பு விலக்கும் கொண்டுவந்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கிய காணிகளில் இப்போதும் வழக்கு நடக்கிறது.

சொந்தக்காரர் எத்தனை பேர் என்பதும் முக்கியம். யாழ்ப்பாணத் தமிழர் சொத்துக்குத் தேசவழமை என்ற மரபுச் சட்டம் பொருந்தும். மனைவி பெயரில் உள்ள காணியைக் கைமாற்றக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். விற்பனை என்றால் கூட்டுச் சொந்தக்காரருக்கு முன்கொள்வனவு உரிமை, அதாவது முதலில் வாங்கும் உரிமை உண்டு. ஆறு சகோதரர்களில் நான்கு பேர் டொரண்டோவிலும் பாரிசிலும் இருப்பார்கள், ஒருவர் காணாமற்போனவராக இருப்பார். வெளிநாட்டில் இருப்பவர்களிடமிருந்து பதிவுசெய்த அற்றோர்ணித் தத்துவம் (பவர் ஆஃப் அட்டர்னி) வேண்டும். காணாமற்போனவருக்கு, 2016 முதல் வழங்கப்படும் காணாமற்போனமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கவே மனம் வராத கேள்விதான். ஆனால் நொத்தாரிசு (நோட்டரி) முன்னால் கையெழுத்துப் போடும் நாளில் அது எழுந்தால் இன்னும் கடினம். பளை, ஆனையிறவுப் பக்கம் பெரும் சண்டைகள் நடந்த நிலம் என்பதால், கண்ணிவெடி அகற்றிய சான்று அந்த இடத்துக்கு இருக்கிறதா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். இவ்வளவு சோதனையும் வேண்டாம் என்றால் அச்சுவேலித் தொழிற்பேட்டை மாதிரி, உரிமை தெளிவான இடத்தில் கொட்டகை தேடுவது மேல்.

இனி மில். நார் தொழிலை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொள்ளாச்சியில் கணக்கிலேயே வராத இரண்டு விஷயங்கள் அங்கே மில்லை மூடிவிடும்.

ஒன்று மட்டை. ஆயிரம் மட்டைக்கு 80 முதல் 100 கிலோ நார் என்று வைத்தால், நாளுக்கு ஒரு டன்னை ஒட்டி எடுக்கப் பத்தாயிரம் மட்டை வேண்டும். மாதம் 25 நாள் ஓட்டினால் வருஷத்துக்கு 30 லட்சம். ஏக்கருக்கு 3,500 காய் என்று பார்த்தால் ஏறத்தாழ 850 ஏக்கர்த் தோப்பின் முழு மட்டையும் உங்களுக்கே வர வேண்டும். பளையும் தென்மராட்சியும் தென்னைக்குப் பேர்போனவைதான். ஆனால் பளைத் தோப்புகள் போரில் மொட்டையாகி, மறுநடவில் வந்துகொண்டிருப்பவை. இலங்கையின் பெரிய தேங்காய் ஆலைகள் குருநாகல், புத்தளம், கம்பஹா முக்கோணத்தில் இருக்கின்றன. மட்டை அங்கே ஒரே இடத்தில் குவியும். வடக்கில் காய் முழுசாகச் சந்தைக்குப் போய், மட்டை வீட்டுக்கு வீடு சிதறி அடுப்புக்குப் போகும். முக்கோணத்திலிருந்து லாரியில் கொண்டுவரலாம் என்றால், மட்டை காற்றைச் சுமக்கும் சரக்கு. வாடகை நாரின் விலையைத் தின்றுவிடும். ஆகவே நண்பரிடம் முதலில் கேட்க வேண்டியது காணியின் விலையை அன்று. மாதம் இரண்டரை லட்சம் மட்டை தருவதாக எந்தெந்தத் தோட்டக்காரர், என்ன விலைக்கு எழுதித் தருவார் என்று கேளுங்கள். மட்டையை வடக்கில் 'பொச்சு' என்றும் நாரைத் 'தும்பு' என்றும் சொல்வார்கள். விசாரிக்கும்போது அந்தச் சொல்லே பயன்படும்.

இரண்டாவது தண்ணீர். லாபம் பித் கட்டியில் (நார்த்தூளை அழுத்திய கட்டி) இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். குறைந்த ஈசி (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்), அதாவது 0.5க்குக் கீழ் கேட்கும் வாடிக்கையாளருக்கு நல்ல தண்ணீரில் பலமுறை கழுவ வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய ஏடாக மிதக்கிறது. மோட்டார் போட்டு இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே வரும். பளை குடாநாட்டின் கழுத்தில், இரண்டு பக்கமும் உப்புநீர் சூழ இருக்கிறது. உவர்நீரில் எத்தனை முறை கழுவினாலும் ஈசி வாடிக்கையாளர் கேட்கும் அளவுக்கு இறங்காது. போதாக்குறைக்கு ஊர்க் கிணறுகள் உவர்த்தால் சண்டை உங்கள் வாசலுக்கு வரும். ஆகஸ்ட், செப்டம்பரில், கோடை முற்றிய நேரத்தில், அந்த இடத்துக் கிணற்று நீரின் ஈசி, குளோரைடு, கடினத்தன்மை மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாரி முடிந்த ஜனவரியில் எடுத்த அறிக்கை அழகாக இருக்கும். அதை நம்பாதீர்கள்.

கம்பெனி அமைப்பில் ஒரு முடிச்சு இருக்கிறது. தேங்காய், தேயிலை, ரப்பர் முதலியவற்றின் சாகுபடியிலும் முதல்நிலைப் பதனிடலிலும் வெளிநாட்டுப் பங்கு 40% வரைதான் தானாக அனுமதிக்கப்படும். அதற்கு மேல் இலங்கை முதலீட்டுச் சபையின் ஒப்புதல் வேண்டும். மட்டையிலிருந்து நார் எடுப்பது இந்த 'முதல்நிலைப் பதனிடலில்' அடங்குமா என்பதைச் சபையிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். சபை வழியாகப் போனால் குறைந்தபட்ச முதலீட்டுத் தொகையும் கேட்பார்கள். உங்கள் 40 லட்சம், சுமார் 45,000 டாலர், அதற்குக் காணாது. நடைமுறையில் உங்களுக்கு 40%, நண்பருக்கு 60% என்ற அமைப்புதான் பொருந்தும்.

சிறுபான்மைப் பங்கு என்றதும் பயப்பட வேண்டாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பெனிகள் சட்டத்தில் சிறப்புத் தீர்மானத்துக்கு 75% வாக்கு வேண்டும்; சங்க விதிகளை மாற்றுவதும், சொத்தில் பாதிக்கு மேல் கைமாறும் பெரிய பரிவர்த்தனையும் அதில் வரும். 40% வைத்திருப்பவர் அவற்றைத் தடுக்கலாம். தடுக்க முடியாதவை சின்னச் சின்ன ஒழுக்குகள்: மட்டையை நண்பரின் மைத்துனர் சந்தை விலைக்கு ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுப்பது, கம்பெனிப் பெயரில் ஒரு வேன், சம்பளப் பட்டியலில் இரண்டு உறவினர். பங்குதாரர் ஒப்பந்தத்தில் மூன்று வரிகளை விடாதீர்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் காசோலைக்கு இரண்டு கையெழுத்து. உறவினரிடம் வாங்கும் எதற்கும் உங்கள் முன்சம்மதம். நண்பர் விலகினால் அல்லது இறந்தால் பங்கை எந்தச் சூத்திரத்தில் மதிப்பிட்டு யார் வாங்குவது என்பது மூன்றாவது. பெரும்பாலான நட்புகள் உடைவது அங்கேதான்.

ஆள் வைக்கும் செலவில் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12%, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3% சேருங்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில், ஒழுங்கு நடவடிக்கை தவிர வேறு காரணத்துக்காக ஆளை நிறுத்த அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ தேவை. மட்டை வராத மாதத்தில் ஆட்களை அனுப்பிவிடும் பொள்ளாச்சி வழக்கம் அங்கே செல்லாது. முதலில் 14 பேரோடு நிற்பது புத்திசாலித்தனம். நீங்கள் போய் மேற்பார்க்க வேண்டும் என்றால் வதிவிட விசா வேண்டும். சுற்றுலா விசாவில் போய் மில் ஓட்டுவது குற்றம்.

இப்போது பணம் போகும் பாதை. திறைசேரி உண்டியல் என்று இலங்கை அரசு விற்பது கடன்பத்திரம். உங்கள் நண்பர் சொல்லும் உண்டியல் ஹவாலா. அதில் போன பணத்துக்கு இலங்கை வங்கியில் வரவுச் சுவடே இருக்காது. வெளிநாட்டு முதலீடு உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வர வேண்டும். வங்கியில் ஐஐஏ என்றால் புரியும். அதன் வழியாக வந்த மூலதனமும் அதன் லாபமும்தான் அதே வழியாக வெளியே போகும். உள்ளே வந்ததற்குத் தாள் இல்லாவிட்டால் வெளியே போக அனுமதி இல்லை. இந்தியப் பக்கம் பெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் வரலாம். 'குடும்பப் பராமரிப்பு', 'அன்பளிப்பு' என்று வங்கியில் எழுதி அனுப்பி அங்கே மில் கட்டுவதும் இதே தவறுதான், கொஞ்சம் சுத்தமான சட்டை போட்டது.

சரியான பாதை இது. தனிநபராக எல்ஆர்எஸ் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும்) திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். பட்டியலிடப்படாத கம்பெனியில் ஒரு பங்கு வாங்கினாலும் அது நேரடி முதலீடு. 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகள் பொருந்தும். உங்கள் வங்கியில் படிவம் எஃப்சி கொடுத்து, யுஐஎன் என்ற முதலீட்டு அடையாள எண் பெற்ற பிறகே பணம் நகர வேண்டும். பணம் போன ஆறு மாதத்துக்குள் பங்குச் சான்றை வங்கியில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31க்குள் ஏபிஆர் என்ற ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கை. பங்கை விற்றால் 90 நாளுக்குள் பணம் இந்தியா திரும்ப வேண்டும். அனுப்பிய பணம் முதலீடாகாமல் அங்கே சும்மா கிடந்தால் 180 நாளில் திருப்ப வேண்டும். காணி பேரம் படியவில்லை என்று நண்பர் கணக்கில் ஒரு வருஷம் கிடப்பதற்கெல்லாம் இடமில்லை. வங்கிக் கடன் வாங்கி அனுப்பக் கூடாது. தனிநபராகப் போனால் அந்தக் கம்பெனிக்குப் பங்கு மூலதனம் மட்டும் கொடுக்கலாம், கடன் கொடுக்க முடியாது. நடைமுறை மூலதனம் ஆறாம் மாதம் தீர்ந்து 'ஒரு அஞ்சு லட்சம் கைமாத்தா அனுப்பு' என்று போன் வரும்போது இந்த விதி கடிக்கும். உங்கள் மில் பதிவுபெற்ற கூட்டு நிறுவனமாகவோ எல்எல்பியாகவோ இருந்தால் நிலைமை வேறு: நிகர மதிப்பில் 400% வரை நிறுவனமாகவே போகலாம், நிபந்தனைகளோடு கடனும் கொடுக்கலாம். தனி உரிமை என்றால் எல்ஆர்எஸ்தான்.

அனுப்பும்போது வங்கியே டிசிஎஸ் என்ற முன்வரி பிடிக்கும். ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் முதல் 10 லட்சத்துக்கு இல்லை. அதற்கு மேல் 20%. நாற்பதையும் ஒரே வருஷத்தில் உங்கள் பெயரில் அனுப்பினால் 6 லட்சம் முடங்கும். மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்றால் 4 லட்சம். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்பி வரும். ஆனால் அதுவரை அந்தப் பணம் உங்கள் கையில் இல்லை. மனைவி பெயரில் பிரித்து அனுப்பலாம்; பணம் உங்களுடையது என்றால் வரும் லாபம் உங்கள் வருமானத்தோடுதான் சேரும்.

லாபம் வந்தால் எவ்வளவு கையில் நிற்கும்? கம்பெனி 100 ரூபாய் சம்பாதித்தால் இலங்கையில் 30 ரூபாய் கம்பெனி வரி. மீதி 70ஐ டிவிடெண்டாக எடுத்தால், இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 7.5%, அதாவது 5.25 ரூபாய் அங்கே பிடிக்கலாம். ஒப்பந்தத்தைக் காட்ட இந்திய வரி வதிவாளர் சான்று வேண்டும். இல்லாவிட்டால் உள்நாட்டு விகிதமான 15% போகும். இந்தியாவில் அந்த 70 ரூபாய் உங்கள் வருமானத்தில் சேரும். 30% அடுக்கில் 21 ரூபாய் வரி; அங்கே கட்டிய 5.25ஐக் கழித்து 15.75 கட்ட வேண்டும். கையில் 49 ரூபாய், செஸ் தனி. கம்பெனி கட்டிய 30 ரூபாய்க்கு இங்கே கழிவு கிடையாது. பொள்ளாச்சியில் கிடைக்கும் லாப விகிதத்தோடு ஒப்பிடும்போது இந்த 49ஐ வைத்து ஒப்பிடுங்கள். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் பங்கையும் வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டும். அதற்குக் கணக்கு ஏப்ரல்-மார்ச் கிடையாது, ஜனவரி-டிசம்பர். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் வரக்கூடியது.

இந்தியாவுக்கே வரியில்லாமல் விற்கலாமே என்று யாராவது சொன்னால், வனஸ்பதிக் கதையைச் சொல்லுங்கள். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தை நம்பி இந்திய முதலீட்டாளர்கள் அங்கே வனஸ்பதி ஆலைகளும் செம்பு ஆலைகளும் போட்டார்கள். மூலப்பொருளுக்கு இங்கே அதிக வரி, அங்கே குறைவு. அந்த வித்தியாசம்தான் முழு லாபமும். இந்தியா கோட்டா வைத்து, இங்குள்ள அந்த வரியையும் குறைத்ததும் ஆலைகள் மூடின.

கொழும்புப் பங்குகள் பற்றிச் சுருக்கமாக. ஐஐஏ கணக்கும் பங்குகளை வைக்கும் சிடிஎஸ் கணக்கும் திறந்து, பட்டியலிட்ட கம்பெனியில் 10%க்குக் குறைவாக எல்ஆர்எஸ் வழியாகவே வாங்கலாம். வெளியேறுவது காணியை விட நூறு மடங்கு சுலபம். ஆனால் சுட்டெண் 2022 முடிவில் 8,489, 2024 முடிவில் 15,944. மீட்சியின் முதல் ஏற்றம் விலையில் வந்தாகிவிட்டது. உங்களிடம் இருப்பது நார் அறிவு, வங்கிப் பங்கு அறிவு இல்லை. நான் உங்கள் இடத்தில் இதைத் தொடமாட்டேன்.

முதலீடே இல்லாமல் ஒரு வழியும் இருக்கிறது, கடிதத்தில் நீங்கள் அதை யோசிக்கவில்லை. எழும் நாட்டில் ஆலை போடுபவரை விட ஆலைக்கு இயந்திரம் விற்பவர் முதலில் காசைப் பார்க்கிறார். பொள்ளாச்சி, கோவை நார் இயந்திரங்களையும் அவற்றை ஓட்டும் கைப்பக்குவத்தையும் முக்கோணத்து ஆலைகளுக்கு விற்கலாம். முன்பணம் பாதி, மீதிக்கு இந்திய வங்கி உறுதிசெய்த எல்சி (வங்கிக் கடனுறுதிக் கடிதம்), ஈசிஜிசியின் ஏற்றுமதிக் கடன் காப்பீடு. இதற்கு யுஐஎன்னும் வேண்டாம், காணியும் வேண்டாம். அப்படி இரண்டு ஆலைகளுக்கு இயந்திரம் இறக்கிவிட்டு வருவதற்குள் மட்டை எங்கே குவிகிறது, எந்த ஆலை ஏன் பாதி நாள் நிற்கிறது என்பது உங்களுக்கு நண்பரை விட நன்றாகத் தெரிந்துவிடும்.

அதன்பிறகும் மில் ஆசை இருந்தால்: ஆகஸ்டில் கிணற்றுநீர் அறிக்கை, செப்டம்பரில் தோட்டக்காரர்களின் மட்டை ஒப்பந்தக் கடிதங்கள், பிறகு முதலீட்டுச் சபையின் எழுத்துப் பதில். மூன்றும் கையில் வந்தால் மார்ச் 31க்கு முன் 10 லட்சத்தை யுஐஎன்னோடு அனுப்பி, நிற்கும் தும்பு ஆலை ஒன்றை ஒரு வருஷத்துக்குக் குத்தகைக்கு எடுங்கள். வருஷ முடிவில் லாபம் சின்னதாக இருந்தாலும், ஒரு தடவை டிவிடெண்டு அறிவித்து அதை ஐஐஏ வழியாகப் பொள்ளாச்சி வங்கிக்கு வரவழையுங்கள். அந்தப் பணம் உங்கள் கணக்கில் வரவான பிறகு மீதி 30 லட்சத்தைப் பற்றி எனக்கு எழுதுங்கள்.